உடும்பின் பங்கு

அந்த உடும்பு எங்கள் வீட்டுக்கு வளர்க்க வந்ததல்ல, கறிக்கு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னாளில் கேட்டவர்கள் எல்லாம், காட்டுப் பிராணியைக் கூண்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறீர்களே, எவ்வளவு இரக்க மனசு என்று உருகினார்கள். இரக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மிளகையும் சீரகத்தையும் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் அதற்குக் கூண்டு தயார் செய்தேன்.

மலாயா சுதந்திரம் வாங்கிய வருஷம் அது. மலாக்காவில், காஜா பெராங்கில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நாங்கள் இரண்டே பேர், பிள்ளை இல்லை. ஊரெல்லாம் கொடி கட்டியபோது என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெஞ்சில் காசநோய். அதற்கு முன் அவர் பஸ் கண்டக்டர். பண்டார் ஹிலிரில் பஸ் கிளம்பும்போது படியில் தொங்கிக்கொண்டு அவர் ஊர்ப்பெயர்களைக் கூவினால், எதிர்க்கடையில் காப்பி குடிக்கிறவனும் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட தொண்டை. கடைசியில் பக்கத்து அறையிலிருந்து என்னைக் கூப்பிடக்கூட அதில் சத்தம் இல்லாமல் போயிற்று. இருமலை மாதக்கணக்கில் என்னிடமே மறைத்தார். பஸ் புகை என்றார், செம்மண் தூசி என்றார். நானும் நம்பினேன், என்னத்தைச் சொல்ல.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதைத் தமிழ் தெரிந்த டிரசர், புண்ணுக்கு மருந்து கட்டுகிறவர் ஒருவர், எனக்கு எடுத்துச் சொன்னார். “ஊசி பாதி வேலைதாம்மா செய்யும். மீதி அவரு சாப்பிடுறதுலதான் இருக்கு. முட்டை, பாலு, மீனு, எதுவா இருந்தாலும் உள்ள போகணும். சாப்பிடலைன்னா எங்க கையில ஒண்ணும் இல்ல.” அவ்வளவுதான். என் புருஷன் பிழைப்பதும் பிழைக்காததும் அவர் தட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவரோ சாப்பிடவில்லை. சாய்வு நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு வாய் எடுத்துவிட்டு, “வேணாம்” என்று நகர்த்திவிடுவார். நாள் முழுக்க அவர் பேசும் பேச்சே அந்த ஒரு வார்த்தைதான். அவருக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை. சன்னலைத் திறக்கவிடமாட்டேன். காற்றுப் பட்டால் சளி கூடும் என்று ஒரு பயம். தெருவில் போகிறவர்கள் எலும்பும் தோலுமாக அவரைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்துவிட்டால், வீட்டுச் சொந்தக்காரன் காலி பண்ணச் சொல்லிவிடுவானே என்று இன்னொரு பயம். காலையில் செட்டியார்களின் கிட்டங்கிக்கு மசாலா அரைக்கப் போவேன். கடைகண்ணி நடத்த ஊரிலிருந்து தனியாக வந்த செட்டியார்கள் சேர்ந்து தங்கும் பெரிய வீடு அது. மத்தியானம் திரும்பி வந்தால் காலையில் வைத்தது வைத்தபடி ஈ மொய்க்கக் கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்துவேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி இருக்கையில்தான் அவருடைய பஸ்ஸை ஓட்டிய டிரைவர் தம்பி ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார். சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கு. சாக்குக்குள் உயிரோடு ஓர் உடும்பு. இன்னும் குட்டிதான். வாலோடு சேர்த்தால் என் கை நீளம் இருக்கும். முன்னங்கால்களை முதுகுப்பக்கம் மடக்கிப் பிரம்பு நாரால் கட்டியிருந்தார்.

“புக்கிட் ரம்பாய் ரப்பர் காட்டுல புடிச்சது அண்ணி. அண்ணனுக்கு மிளகு தூக்கலாப் போட்டு சூப்பு வெச்சுக் குடுங்க. நெஞ்சுக்கு இதவிட மருந்து கெடையாது லா. நாளைக்கு வந்து நானே அறுத்துத் தர்றேன்.”

எனக்குக் கும்பிடத் தோன்றியது. உடும்புக் கறி நெஞ்சுக்கு நல்லதென்று எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் இழுப்பு வந்தவனுக்கும் முதுகு விட்டுப்போனவனுக்கும் அதைத்தான் தேடுவார்கள். தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் சுருக்கென்றது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. அதுவாவது ஒரு நாள் கதை. அந்த வாரம்தான் புரட்டாசி பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் மூச்சுக்குத் திணறிக் கிடந்த ஒரு நாள், “பெருமாளே, இவரை உசுரோட வீட்டுக்கு அனுப்பு, புரட்டாசி முழுக்க என் வீட்டில கவிச்சி கெடையாது, ஒரு உசுரக் கொல்ல மாட்டேன்” என்று வாய்விட்டு வேண்டியிருந்தேன். அனுப்பிவிட்டார். இப்போது மருந்து வாசலில் வந்து கிடக்கிறது, அறுக்க முடியாது. அவரைக் காப்பாற்றத்தான் வேண்டுதல், அவரைக் காப்பாற்றத்தான் உடும்பு. எந்தக் கடவுள் இப்படி முடிச்சுப் போடுவான் என்று அன்றைக்கு மனசுக்குள் பெருமாளையே திட்டினேன்.

“ஒரு மாசம் உசுரோட வெச்சிருக்கேன் தம்பி. தீபாவளிக்கு அறுத்துக்கலாம். அதுக்குள்ள சதையும் வெச்சிடும்.”

“உடும்பு என்ன கோழியா அண்ணி, தீனி போட்டு வளர்க்க?”

“கோழிக்கூண்டுதான சும்மா கெடக்கு. போடுங்க அதுல.”

என் கோழிகளை அவருடைய வைத்தியத்துக்கு விற்றாயிற்று. கூண்டு கொல்லையில் வாழைக்கொத்தின் ஓரமாகக் காலியாக இருந்தது. டிரைவர் தம்பி கட்டை அவிழ்த்து உள்ளே விட்டதுதான் தாமதம், அந்தக் குட்டி கம்பிவலையில் போய் மூக்கால் முட்டியது. திரும்பியது, மறுபடி முட்டியது. கிட்டப்போனால் கழுத்தை உப்பிக்கொண்டு சீறி வாலைச் சுழற்றி அடித்தது. மறுநாள் காலையில் பார்த்தால் மூக்கு நுனி தேய்ந்து ரத்தம். பிரம்பு அறுத்த இடம் வேறு புண்ணாகியிருந்தது. தீபாவளி வரைக்கும் தாங்காது என்று தோன்றியது.

வலையில் நகம் கீறும் சத்தம் உள்ளே அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். நான் கூண்டுக்கு முன்னால் நின்று, “சும்மா கெட, சனியனே” என்று அதட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் கால் தேய்க்கும் ஓசை. திரும்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். வீடு திரும்பியதிலிருந்து கொல்லைப் பக்கம் அவர் தானாக வந்தது அன்றுதான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அது வெளிய போறதுக்கு முட்டல. நம்மளப் பாத்துப் பயந்து முட்டுது. சாக்கப் போட்டு முன்பக்கத்த மூடு.”

மூடினேன். கொஞ்ச நேரத்தில் முட்டுவது நின்றது. அப்புறம் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை ஒரு பக்கம் வெட்டித் திறந்து, அது புகுந்துகொள்ள மூலையில் படுக்கப் போட்டேன். அதன்மேல் காய்ந்த வாழைச்சருகு. அவர் கை கழுவும் பழைய எனாமல் கிண்ணத்தில் தண்ணீர். சாக்கின் ஓரத்தை அவர் கையாலேயே ஆணியில் மாட்டினார்.

“ரெண்டு மூணு நாளைக்கு யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. தண்ணி மட்டும் வை. கையை உள்ள விடாத.”

“கறிக்கு வந்ததுக்கு மாப்பிள்ளை மரியாதையாக்கும்.”

“கறியோ என்னவோ, இருக்கிற வரைக்கும் பயமில்லாம இருக்கட்டும்” என்றார். அத்தனை நீளமாக அவர் பேசிக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. நான் உள்ளே போனேன்.

அது தகரத்துக்குள் ஒடுங்கிக்கொண்டது, சரி. ஆனால் எதையும் தின்னவில்லை. எங்கள் வீட்டில் புரட்டாசி, மீனும் கிடையாது, கறியும் கிடையாது. பக்கத்து வீட்டம்மாவிடம் போய் நின்றேன். அவர் மலாக்காச் செட்டி குடும்பம். பல தலைமுறையாக இதே ஊர். நம்மைப்போலவே சாமி கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள். பேச்சு மட்டும் மலாய், நடுநடுவே ஒன்றிரண்டு தமிழ் வார்த்தை எட்டிப்பார்க்கும். சைக்கிள் மீன்காரனிடம் வாங்கிய மீனின் குடலையும் தலையையும் பாக்குமட்டையில் வைத்து வேலிக்கு மேலாக நீட்டினார். மட்டையோடு கூண்டுக்குள் தள்ளினேன். மறுநாள் எறும்பு தின்றது, உடும்பு தொடவில்லை. தகரத்துக்கு வெளியே வந்து வாயைப் பிளந்துகொண்டு, தொண்டை படபடக்கக் கிடந்தது.

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் முதல் காரணம் சூடு. கண் சிவந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு, பசிக்கவில்லையென்றால் அதுவும் சூடு. வாயைப் பிளந்து கிடக்கிற பிராணியைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சூடு உச்சிக்கு ஏறிவிட்டது. டிரைவர் தம்பி அடுத்தமுறை வந்தபோது அவரை விட்டுக் கூண்டைக் குளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், வெயிலே எட்டாத மூலைக்கு நகர்த்தவைத்தேன். நனைத்த சாக்குகளை மேலே போட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நீர்மோர் ஊற்றினேன். வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வைத்தேன். அவருக்கு நான் பார்த்த வைத்தியமும் கிட்டத்தட்ட அதுதான். மாலையில் காய்ச்சல் ஏறினால் சூடு என்று பார்லித் தண்ணியும் இளநீரும் கொடுத்து, இருட்டறையில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்திருந்தேன்.

நாளுக்கு நாள் உடும்பு மந்தமாயிற்று. சீறுவதை நிறுத்தியது. ஒரு காலையில் விறகுக்குச்சியால் தொட்டுப் பார்த்தேன், நகரவில்லை. வாலைத் தூக்கினேன், தொப்பென்று விழுந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. அது செத்தால் அவர் செத்துவிடுவார் என்று என் புத்தி எப்போதோ முடிவு கட்டிவிட்டிருந்தது. மருந்து கண்ணுக்கு முன்னால் சாகிறது, விரதமாவது மண்ணாங்கட்டியாவது என்று அரிவாளை எடுக்கக்கூட உள்ளே போனேன். எடுக்கவும் முடியவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகையைக் கேட்டு அவர் எழுந்து வந்தார்.

கூண்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, “ஈரச் சாக்க எடு” என்றார்.

“சூடுங்க அதுக்கு.”

“சூடு இல்ல, குளிரு. ஆயர் குரோ ரோட்டுல காலையில மொத பஸ்ஸு போறப்ப, தார் ரோட்டுல படுத்துக் கெடக்கும் இதுங்க. ஆரன் அடிச்சாலும் நகராது. டிரைவர் கீழ எறங்கித் தொரத்தணும். ரோடு காயக் காயத்தான் அதுங்களுக்கு உசுரே வரும். வெயில் வேணும் அதுக்கு.”

கூண்டை இழுத்தேன், அசையவில்லை. அவர் ஒரு முனையைப் பிடித்தார். “விடுங்க, நெஞ்சு போயிடும்” என்று கத்தினேன். விடவில்லை. நாலு எட்டு வைப்பது, நிற்பது, மூச்சு வாங்குவது, மறுபடி நாலு எட்டு. அப்படியே வாழைக்கொத்துக்குப் பக்கத்தில் வெயில் விழும் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். படுக்க ஏதாவது கல் வேண்டும் என்றார். கிட்டங்கியில் உடைந்துபோனதென்று கழித்த பாதி அம்மி ஒன்று என்னிடம் இருந்தது. உடும்புக் கறிக்கு மசாலா அரைக்கலாம் என்று நான் கழுவி வைத்திருந்த அம்மி அது. அதைத்தான் உள்ளே வைத்தேன். சுருண்டு கிடந்த உடும்பை விறகுக்குச்சியால் மெல்ல நெம்பி அம்மிமேல் தள்ளினார். கூண்டின் பாதிக்கு மேல் ஒரு பலகை, சூடு கூடினால் நிழலுக்கு ஒதுங்கிக்கொள்ள.

உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியது. முதலில் ஒரு கண் திறந்தது. அப்புறம் நாக்கு, இரண்டாகப் பிளந்த அந்த நீல நாக்கு, வெளியே வந்து உள்ளே போயிற்று. பிறகு அது வயிற்றைத் தட்டையாகப் பரப்பிக்கொண்டு அம்மியோடு அம்மியாகப் படுத்துக்கொண்டது. எனக்குப் போன உயிர் வந்தது.

அவர் முகத்திலும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, “அதை வெயில்ல வெச்சுட்ட. என்னை மட்டும் ஏன் இருட்டுல வெச்சிருக்க?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் சாய்வு நாற்காலியைத் தூக்கிவந்து கொல்லையில் போட்டேன். பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். நோய் அவருக்குப் புரிந்துவிட்டதென்று எனக்கும் புரிந்தது. “கெசியான்” என்றார். பாவம் என்பதற்கு அவர் சொல்லும் சொல். வேலியைவிட்டு அவர் விலகவில்லை, மீன்குடல் வருவதும் நிற்கவில்லை.

நான் கிட்டங்கிக்குப் போனபின் பலகையை வெயிலுக்குத் தக்கபடி நகர்த்தும் வேலை அவருடையது. நாற்காலியில் இருந்தபடி அது முடியாது, எழுந்துதான் ஆகவேண்டும். தண்ணீரை மாற்ற வேண்டும். மீன் கெடுவதற்குள் எடுத்துப்போட வேண்டும். ஒரு மத்தியானம் நான் திரும்பியபோது வாசலிலேயே நின்றிருந்தார்.

“தின்னுடுச்சு” என்றார். “தலையை இப்படித் தூக்கி, ரெண்டு ஒதறு ஒதறி, முழுசா முழுங்கிடுச்சு.” தன் தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டிக் காட்டினார். காட்டியதில் இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே சிரித்தார்.

அன்றைக்கும் அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. ஆனால் முட்டை இல்லை. முட்டையை மட்டும் மருந்து என்று பெருமாளிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் சேர்க்காமல் வெளியே மூன்று கல் அடுப்பில் அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முட்டையாவது உள்ளே போகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு நாள் கழித்து, வேலை சீக்கிரம் முடிந்து வந்தவள் கொல்லைப் பக்கமாக நுழைந்தேன். கூண்டு ஓரம் குந்தியிருக்கிறார். முட்டையை அம்மியின் விளிம்பில் தட்டி உடைக்கிறார், உரிக்கிறார், கம்பிவலைக் கதவைத் திறந்து உருட்டிவிடுகிறார். உடும்பு ஓடிவந்து விழுங்குகிறது.

அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. “செட்டியாருங்களுக்கு மசாலா அரைச்சுக் கையெல்லாம் மொளகா எரிச்சல். அதுல வாங்கியாற முட்டை இது. உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, நான் தாலியக் கழட்டி வெச்சிட்டு இப்பவே ஒக்காந்துடுறேன்” என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அவர் குந்தியபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னால முழுங்க முடியல. அது முழுங்குறதப் பாத்தா எனக்கு முழுங்குன மாதிரி இருக்கு” என்றார்.

அதைக் கேட்டு என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “சரி. நாளையிலேர்ந்து உங்களுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு. நீங்க மொதல்ல சாப்பிடணும், என் கண்ணு முன்னால. நீங்க சாப்பிடலைன்னா அதுக்கும் கெடையாது. பட்டினியாக் கெடக்கட்டும்.”

மறுநாள் இரண்டு முட்டை அவித்தேன். அவர் கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடித்தார். மெல்ல மெல்ல, தண்ணீர் குடித்துக் குடித்து, முழு முட்டையையும் உள்ளே தள்ளினார். அதற்குள் உடும்பு வலையில் ஏறி நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது. “இரு, இரு, வந்துட்டேன்” என்று அதனிடம் சொல்லிக்கொண்டே கடைசி வாயை விழுங்கினார். ஒரு வாரம் போயிருக்கும், ரசம் இருக்கிறதா என்று அவராகக் கேட்டார். நான் அடுப்பங்கரையில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

தீபாவளி அன்று டிரைவர் தம்பி புதுச் சட்டையும், சாணை பிடித்த வெட்டுக்கத்தியுமாக வந்து நின்றார். என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்ச் சன்னலருகில் நின்றுகொண்டார். மிளகும் சீரகமும் அலமாரியில் நான் எடுத்து வைத்த இடத்திலேயே இருந்தன. விரதம் முடிந்துவிட்டது, சாமி குறுக்கே நிற்கவில்லை. இனி நான்தான் சொல்ல வேண்டும்.

“கோழி வாங்கியாந்திருக்கேன் தம்பி. அதை அறுத்துக் குடுங்க, போதும்.”

“அப்ப அண்ணனுக்கு மருந்து?”

“அண்ணன் சாப்பிடுறாரு. அதான் மருந்து.”

அவர் என்னையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உடும்புப் பிடிங்கிறது அதுகிட்ட இல்ல அண்ணி, உங்ககிட்ட இருக்கு” என்று சிரித்தார். நான் முழுக்க நம்பிச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். ஒரு கண் அந்தக் கத்தியின் மேலேயே இருந்தது. ஆனால் சன்னலில் தெரிந்த முகத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

அன்றிலிருந்து கூண்டின் கதவைத் திறந்தே வைத்தார். உடும்பு வாழைக்கொத்துக்கு அடியில் வளை தோண்டிக்கொண்டது. எங்கே சுற்றினாலும் காலையில் வெயில் வந்ததும் அம்மிக்கு வந்துவிடும் என்பதால், அம்மியை வெளியே எடுத்துக் கொத்தின் ஓரம் போட்டோம். அவர் முட்டையை அம்மி விளிம்பில் தட்டினால் போதும், எந்தப் புதரிலிருந்தாலும் வரும். அவருக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. பஸ் நிற்கும் முனை வரைக்கும் நடந்து போய், பழைய ஆட்களிடம் பேசிவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, பரவாயில்லை என்றார்கள். தைப்பூசத்துக்கு என்னோடு கோவிலுக்கு வந்தார். அந்தச் சில மாதங்கள்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள்.

அடுத்த மழை வருவதற்குள் எல்லாம் முடிந்தது. விடியற்காலையில் ஓர் இருமல், வாய் நிறைய ரத்தம். பக்கத்து வீட்டம்மாவின் மகன் ஓடிப்போய் வண்டி பிடித்துவந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, “அதுக்கு வெச்சியா?” என்று கேட்டார். வெச்சேன் என்றேன். எங்கே வைக்க, அடுப்பே பற்றவைக்காமல் ஓடிவந்தவள் நான். தலையசைத்துக்கொண்டார். அதற்கப்புறம் பேசவில்லை.

சாவு வீட்டில் டிரைவர் தம்பி தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். “அன்னைக்கே அறுத்துக் குடுத்திருந்தா…” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன, சிரம்பானிலிருந்து வந்த என் வீட்டுக்காரரின் அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். “மருந்த வாசல்ல வெச்சுக்கிட்டு எந் தம்பிய வாரிக் குடுத்துட்டியேம்மா” என்று எல்லார் முன்னாலும் மாரில் அடித்துக்கொண்டார். எனக்கு வாய் இல்லாமலில்லை. ஆனால் அந்த வார்த்தையை அவர் சொல்வதற்கு முன்பே நானே எனக்குச் சொல்லிக்கொண்டாயிற்று. ஒருவேளை, ஒருவேளை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் கொல்லைக்குப் போய் அந்த அம்மியைக் குப்புறப் புரட்டிப் போட்டேன். மறுநாள் காலையில் புரண்ட அம்மியின் முதுகிலேயே அது படுத்திருந்தது. ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். குறி தப்பிவிட்டது.

கருமாதி வந்தது. அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படையல் போட்டோம். உரித்த முட்டையும் வைத்தேன். அந்த முட்டையோடு சேர்த்துக் கொல்லையில் காக்காய்க்கு ஓர் இலை எடுத்து வைத்தோம். காக்காய் எடுத்த பிறகுதான் வீட்டில் யாரும் சாப்பிடலாம். எடுக்காவிட்டால் போன உயிருக்கு ஏதோ மனக்குறை என்று அர்த்தம். டிரைவர் தம்பி, “கா, கா” என்று தொண்டை வற்றக் கூப்பிட்டார். தகரக் கூரையில் காக்காய்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தன, கத்தின, ஒன்றுகூட இறங்கவில்லை. வாழைக்கொத்தில் உடும்பு இருப்பது அவற்றுக்குத் தெரியும். அது வளர்ந்ததிலிருந்து எங்கள் கொல்லையில் காக்காய் இறங்குவதே கிடையாது. எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பசியோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“அவனுக்குக் குறை இருக்கு. இல்லாமலா?” என்று அக்கா மெதுவாக ஆரம்பித்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். படையலுக்கு முட்டை அவிக்கும்போது கை பழக்கத்தில் இரண்டு போட்டிருந்தேன். மீதி இருந்த அந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தேன். அம்மி குப்புறத்தான் கிடந்தது. அதன் விளிம்பில் முட்டையைத் தட்டினேன்.

சருகு அசைந்தது. நாக்கை நீட்டிக்கொண்டு அது வெளியே வந்தது. தடித்து, நீண்டு, நல்ல உடும்பாகியிருந்தது. பெண்கள் அலறி எழுந்தார்கள். அது யாரையும் பார்க்கவில்லை. நேரே இலைக்குப் போய், சோற்றைத் தொடாமல், அவருக்கு வைத்த முட்டையை எடுத்துத் தலையைத் தூக்கி இரண்டு உதறு உதறி விழுங்கியது. யாரோ கட்டையை ஓங்கினார்கள். டிரைவர் தம்பி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க” என்றேன். “அவரு பங்கு அது. இருந்தப்பவும் தன் பங்கை அதுக்குத்தான் குடுத்தாரு. குடுக்கணும்னுதான் தானும் சாப்பிட்டாரு. கறி ஆக்கியிருந்தா ரெண்டு நாள் சூப்பு. இது எத்தனை மாசம் அவர சாப்பிட வெச்சிச்சு, அதுக்கு யாரு கணக்குச் சொல்லுவீங்க?”

உடும்பு வாழைக்கொத்துக்குள் போய்விட்டது. என் கையில் அந்த இன்னொரு முட்டை இருந்தது. அவர் போனதிலிருந்து நான் தண்ணியும் கஞ்சியுமாகத்தான் இருந்தேன், அதுவும் பேருக்கு. “உங்களுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு” என்ற கணக்கில் அதனுடையது போய்விட்டது. புரண்ட அம்மியின் ஓரமாக உட்கார்ந்து, முட்டையை உரித்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மற்றதை நான் சாப்பிட்டேன்.